எழுதாமல் விட்ட சொல்

அமெரிக்காவின் 1787ஆம் ஆண்டு யாப்பை நாங்கள் முழுசா வாசித்துப் பார்த்தால், 'அடிமை' எண்ட சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் அடிமைமுறை உள்ளுக்குள் பத்திரமாக இருக்கிறது.

பதினொரு வருசத்துக்கு முதல்தான் மனிதர் எல்லாரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் எண்டு பிரகடனம் செய்தார்கள். அதை எழுதின ஜெபர்சன் தன் வாழ்நாளில் 600க்கு மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். பிலடெல்பியாவில் யாப்பு எழுதக் கூடினவர்களுக்கும் இந்த முரண் தெரியும். மனிதரைச் சொத்தாகக் கொள்ளும் எண்ணத்தை யாப்பில் ஒப்புக்கொள்வது பிழை எண்டு மடிசனே சொன்னார். அதனால் 'ஏனைய ஆட்கள்' எண்டு எழுதினார்கள். பிரதிநிதிகள் சபை ஆசனங்களைப் பிரிக்கும்போது அந்த ஆட்களில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கில் சேர்த்தார்கள். அடிமைகளுக்கு வாக்கு இல்லை. அவர்களின் தலைக்கணக்கால் எசமானர்களின் தென் மாநிலங்களுக்குக் கூடுதல் ஆசனங்கள்.

அடிமைத்தளையில் இருந்து தப்பி வந்த பிரெடெரிக் டக்ளஸ், 1852இல் ரொசெஸ்டர் நகரில் பேசினார். உங்கட சுதந்திர தினத்தில் அடிமைக்கு என்ன இருக்கு எண்டு கேட்டார். ஆனாலும் யாப்பைத் தூக்கி எறியச் சொல்லேல்லை. அதை விடுதலையின் ஆவணமாக வாசிக்க முடியும் எண்டார்.

'அடிமைமுறை' எண்ட சொல் யாப்புக்குள் முதன்முதல் வந்தது 1865இல், அதை ஒழித்த 13ஆம் திருத்தத்தில். அதுக்கு நாலு வருச உள்நாட்டுப் போர் தேவைப்பட்டது. அந்தத் திருத்தத்திலும் ஒரு வாசல் திறந்தே இருக்கு: குற்றத்துக்கான தண்டனையாகக் கட்டாய உழைப்பை வாங்கலாம்.

எந்த யாப்பையும் வாசிக்கும்போது, எழுத வெட்கப்பட்டு விட்ட சொல் எது எண்டும் நாங்கள் தேட வேணும்.