கணினிக்குள் புகுந்த கன்சோல்

பல ஒலித்தடங்களைக் கலக்கும் அனலாக் கன்சோலின் ஒலியைக் கணினியில் உருவாக்கும் பிளக்-இன்கள் பெரும்பாலும் சில பிரிட்டிஷ் கன்சோல்களையே பின்பற்றுகின்றன. அவற்றுள் ஒன்று இசை நிறுவனமான இ.எம்.ஐ. தன் ஸ்டூடியோக்களுக்காகவே வடிவமைத்த டிஜி12345. பீட்டில்ஸின் 1969ஆம் ஆண்டு ஆல்பமான ‘அபே ரோடு’வின் பெரும்பகுதி அதில்தான் பதிவானது. ரூபர்ட் நீவின் கன்சோல்களும் எஸ்.எஸ்.எல். 4000 வரிசையும் மற்றவை.

1996இல் ஸ்டெய்ன்பெர்க்கின் வி.எஸ்.டி. என்ற பிளக்-இன் தொழில்நுட்பம் வந்தபின் மிக்ஸிங் வேலை மெல்லக் கணினிக்கு இடம்பெயர்ந்தது. கணினி ஒலித்தடங்களை வெறும் எண்களாகக் கூட்டுகிறது, பிழை ஏறக்குறைய இல்லை. அந்தத் துல்லியமே பலருக்குக் குறையாகப் பட்டது. அனலாக் கன்சோலிலோ டிரான்ஸ்பார்மரும் ஆம்ப்ளிஃபயரும் ஒலியில் மெல்லிய ஹார்மோனிக் சிதைவைச் சேர்க்கும், ஒரு சேனலின் ஒலி பக்கத்துச் சேனலில் கசியும், இரைச்சலும் உண்டு. பொறியாளர்கள் பல காலம் ஒழிக்கப் பாடுபட்ட குறைகள் இவை. அவற்றையே விலைகொடுத்து வாங்கும் காலம் வந்ததுதான் வேடிக்கை.

2009இல் ஹாரிசன் நிறுவனம் தன் கன்சோல் அனுபவத்தை ‘மிக்ஸ்பஸ்’ என்ற முழு மென்பொருளாக்கியது. 2011இல் ஸ்லேட் டிஜிட்டலின் ‘வர்ச்சுவல் கன்சோல் கலெக்‌ஷன்’ சேனலுக்கு ஒன்று, சேனல்கள் ஒன்றுசேரும் பஸ்ஸுக்கு ஒன்று என இரு பிளக்-இன்களாக வந்தது. வேவ்ஸ் நிறுவனத்தின் ‘என்.எல்.எஸ்.’ இன்னும் நுணுக்கமானது. மைக் ஹெட்ஜஸின் டிஜி, ஸ்பைக் ஸ்டென்டின் எஸ்.எஸ்.எல்., யோவாட் நெவோவின் நீவ் என மூன்று தயாரிப்பாளர்களின் கன்சோல்களிலிருந்த சேனல்களைத் தனித்தனியே அளந்து அது உருவானது.

இந்தப் பிளக்-இன்களை ஒரே தடத்தில் போட்டால் வேறுபாடு காதில் விழுவதே அரிது. எல்லாத் தடங்களிலும் சேர்த்தால்தான் தெரியும்.