கொள்ளிடம் பழைய பாலம்

கொள்ளிடம் பழைய பாலம் என்பது தமிழ்நாட்டின் திருச்சிராப்பள்ளியில் கொள்ளிடம் ஆற்றின் குறுக்கே அமைந்திருந்த இரும்புப் பாலம் ஆகும். இது திருவானைக்காவலை வடகரையிலுள்ள நம்பர் 1 டோல்கேட் பகுதியுடன் இணைத்தது. 1928 ஆம் ஆண்டு கட்டப்பட்ட இப்பாலம், 2016 இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின் நடைப்பயிற்சி செய்வோரின் பாலமாக விளங்கியது. 2018 ஆம் ஆண்டு வெள்ளத்தில் இதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

அமைவிடம்

காவிரி ஆறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்றும் வடகிளை கொள்ளிடம் என்றும் அழைக்கப்படுகின்றன. இவற்றுக்கு இடையே திருவரங்கம் தீவு உள்ளது. வெள்ளக் காலங்களில் மிகைநீர் பெரும்பாலும் கொள்ளிடத்திலேயே திருப்பி விடப்படுகிறது. ஆகவே ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் காட்சியளிக்கும் இவ்வாறு, சில நாட்களில் பெருவெள்ளத்தைத் தாங்க வேண்டியுள்ளது.

அமைப்பும் மாற்றமும்

பாலத்தின் நீளம் 792 மீட்டர். இது 24 தூண்களின் மீது அமைந்திருந்தது. போக்குவரத்து பெருகியதால் இதற்கு அருகிலேயே, சென்னை நேப்பியர் பாலத்தை ஒத்த வில்வடிவ வளைவுகளுடன் புதிய பாலம் கட்டப்பட்டது. அது 2016 இல் திறக்கப்பட்டதும் போக்குவரத்து அதற்கு மாற்றப்பட்டது.

இடிவு

2018 ஆகத்து மாத வெள்ளத்தின்போது 18, 19 ஆம் தூண்கள் பழுதடைந்தன. விரிசல் கண்டறியப்பட்டதும் பாலத்தில் மக்கள் செல்வது தடுக்கப்பட்டது. பின்னர் அப்பகுதி ஆற்றில் விழுந்தது. அதே மாதம் 22 ஆம் நாள் இரவு, முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்தன.

எஞ்சிய பாலத்தை அகற்றும் பணி 2022 ஆம் ஆண்டு தொடங்கியது.

மண்ணரிப்பு

ஆற்றுநீர் தூணில் மோதும்போது கீழ்நோக்கித் திரும்பி, தூணின் அடியைச் சுற்றிச் சுழல்கிறது. இச்சுழல் மணலைத் தோண்டி எடுத்துச் செல்வதால் அடித்தளம் பிடிமானத்தை இழக்கிறது. இது மண்ணரிப்பு எனப்படும். மணல் அள்ளப்பட்டு ஆற்றுப்படுகை தாழ்ந்துள்ள இடங்களில் இதன் பாதிப்பு மேலும் கூடும்.

வண்டிகளை நிறுத்துவதால் பாலத்தின் மேற்கட்டுமானத்தின் மீதுள்ள சுமை குறையும். தூண்களின் அடியில் நிகழும் மண்ணரிப்பு குறையாது. எனவே பழைய பாலத்தை நடைபாலமாக மாற்றும்போது, அதன் அடித்தளத்தையும் தொடர்ந்து ஆய்வு செய்வது தேவையாகும். வெள்ளத்தின்போது அரிப்பால் உண்டாகும் குழி, நீர் வடியும்போது மணலால் மீண்டும் மூடப்படக்கூடும். இதனால் கோடைக்காலத்தில் மேற்பரப்பை மட்டும் பார்த்து அரிப்பின் ஆழத்தை அறிய இயலாது.

ஒப்பிடத்தக்க பாலங்கள்

* கல்லடிப் பாலம், மட்டக்களப்பு, இலங்கை: 1924 இல் கட்டப்பட்ட இரும்புப் பாலம். சீமாட்டி மானிங் பாலம் என்றும் அழைக்கப்படும். 2013 இல் அருகே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரும் பழைய பாலம் இடிக்கப்படாமல் பேணப்பட்டது.
* மோர்பி தொங்குபாலம், குசராத்து: 19 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடைபாலம். சீரமைப்புக்குப் பின் மீண்டும் திறக்கப்பட்ட நான்காம் நாள், 2022 அக்டோபர் 30 அன்று அறுந்து விழுந்தது. 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முதன்மை வடமொன்றின் 49 கம்பிகளில் 22 கம்பிகள் முன்பே துருப்பிடித்திருந்ததைச் சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டறிந்தது.

இவற்றையும் பார்க்க

* முக்கொம்பு மேலணை
* ஆல்பர்ட் விக்டர் பாலம், மதுரை
* நேப்பியர் பாலம்