ஒரு வெள்ளிக் கட்டணமும் ஐம்பது காசுக் கட்டணமும்



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறார்: நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து மருந்தைக் கொடுப்பவர். நம் காலத்தில் ஐந்தாவதாக ஒருவரும் சேர்ந்துள்ளார். அவர் செலவை ஏற்பவர். அவர் யார் என்ற வினாவிற்கு, ஒரே ஆட்சியின் கீழ் இருந்து பிரிந்த மலேசியாவும் சிங்கப்பூரும் இருவேறு விடைகளைக் கண்டன. அந்த வரலாறு நம் இல்லத்து வரவு செலவோடும் தொடர்புடையது என்பதால் இங்கே எழுத விரும்புகிறேன்.

தோட்டத்து முதலாளி செலவை ஏற்ற காலம்

1901ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் கிள்ளானுக்கு அருகில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) திறக்கப்பட்டது. சில மாதங்களுக்குள்ளேயே மலேரியாக் காய்ச்சல் பரவி, துறைமுகத்தை மூட வேண்டிய நிலை உருவாயிற்று. கிள்ளான் வட்டார மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டச் செய்தார். கொசுக்கள் குறைந்தன, மரணங்களும் வெகுவாகக் குறைந்தன. மூடிக் கிடக்கும் துறைமுகத்தால் ஏற்படும் இழப்பை விட வடிகால் வெட்டும் செலவு குறைவு என்பதை அரசாங்கம் கண்டுகொண்டது.

ரப்பர் தோட்டங்களிலும் இதே கணக்குதான். காய்ச்சலில் கிடப்பவர் பெரட்டுக்கு வர இயலாது. பால் மரம் வெட்டவும் இயலாது. ஆகவே தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்து தரும் பொறுப்பைச் சட்டம் தோட்ட முதலாளியின் மீது சுமத்தியது. தோட்டத்து ஆஸ்பத்திரியும் அங்கிருந்த டிரெஸரும் இவ்வாறு வந்தவையே. நம் பாட்டன் பாட்டிமார் பலருக்கு வாழ்நாள் முழுதும் ‘டாக்டர்’ என்றால் அந்த டிரெஸர்தான்.

இம்முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. மருத்துவம் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் மருத்துவமும் போகும். 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். உழைக்கும் உடலுக்கு மட்டுமே அங்கே மதிப்பிருந்தது. உழைப்பு தேவைப்படாதபோது அந்த உடலின் நலம் யாருடைய கணக்கிலும் இல்லை.

வரிப்பணம் ஏற்ற காலம்

1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, பிறந்த குழந்தைகளில் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 75 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தனர். பெரிய மருத்துவமனைகள் நகரங்களில் இருந்தன. மக்களில் பெரும்பாலோர் கிராமங்களில் இருந்தனர். புதிய அரசு கிராமச் சுகாதாரத் திட்டத்தை மூன்று அடுக்குகளாக விரிவாக்கியது. 50,000 பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம், அதன் கீழ் 4 துணை நிலையங்கள், 2,000 பேருக்கு ஒன்று வீதம் 20 மருத்துவச்சி நிலையங்கள் என்பது அதன் அமைப்பு.

இதன் பொருளாதாரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மருத்துவரை உருவாக்க ஆகும் செலவில் பல மருத்துவச்சிகளைப் பயிற்றுவிக்கலாம். பிரசவம், தடுப்பூசி, குழந்தையின் எடை பார்த்தல் போன்ற பணிகளுக்கு அவர்களே போதும். சிறு செலவு, பெரும் பயன். 1990ஆம் ஆண்டளவில் குழந்தை மரண விகிதம் ஆயிரத்திற்கு 13 என்ற அளவிற்கு இறங்கியது. தூய குடிநீர், கல்வி, வருவாய் ஆகியவற்றின் பங்கும் இதில் உண்டு.

ஆனால் தோட்டங்கள் தனியார் நிலம் என்பதால், அங்குள்ளோரின் நலம் பெரும்பாலும் நிர்வாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. கிராமத்திற்கு வந்த அரசாங்கத் தாதி தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது தோட்டத்து ஆஸ்பத்திரிகள் பலவும் மறைந்தன. நம் சமூகத்தின் நல வரலாற்றில் இந்த இடைவெளியை நாம் மறத்தலாகாது.

மலேசிய அரசாங்க மருத்துவமனைக் கட்டணங்கள் 1951ஆம் ஆண்டுக் கட்டணச் சட்டத்தின் கீழ் வருபவை. 1982ஆம் ஆண்டு மருத்துவக் கட்டண ஆணையின்படி, குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி; நிபுணரைக் காண ஐந்து வெள்ளி. இவ்வாறு திரளும் பணம் சுகாதார அமைச்சின் செலவில் மிகச் சிறு பகுதியே. மற்றவை அனைத்தும் வரிப்பணம்.

சேமிப்பு ஏற்ற காலம்

சிங்கப்பூரில் 1959இல் தன்னாட்சி வந்தது. மறு ஆண்டே அரசாங்க மருந்தகங்களில் ஒரு வருகைக்கு 50 காசு வசூலிக்கும் முறை தொடங்கியது. பொது விடுமுறை நாள்களில் அது இரட்டிப்பு. இங்கும் வருவாய் நோக்கமன்று. இலவசமாகக் கிடைப்பது வீணாகும் என்று லீ குவான் யூ கருதினார்.

இரண்டும் சில்லறைக் காசுகள்தாம். எனினும் மலேசியாவின் ஒரு வெள்ளி, “பணமில்லை என்று தயங்காதே, உள்ளே வா” என்றது. சிங்கப்பூரின் ஐம்பது காசு, “உன் பங்கும் இதில் உண்டு, நினைவில் கொள்” என்றது.

அந்த நினைவூட்டல் 1984 ஏப்ரலில் ‘மெடிசேவ்’ திட்டமாக வளர்ந்தது. ஊழியரின் மத்திய சேமநிதியில் ஒரு பகுதி மருத்துவத்திற்கென்றே ஒதுக்கப்பட்டது. 1990இல் பெருநோய்ச் செலவிற்கான ‘மெடிஷீல்டு’ காப்புறுதியும், 1993இல் வறியோர்க்கான ‘மெடிஃபண்ட்’ நிதியும் வந்தன. அரசாங்க மானியமும் தொடர்ந்தது. சி வகுப்புப் படுக்கைக்கு அது 80 விழுக்காடு வரை இருந்தது. ஆயினும் முதல் பொறுப்பு தனி மனிதருடையது, அவர் குடும்பத்தினுடையது என்பதே கொள்கை.

முப்பது பேரின் கணக்கு

வகுப்பறைக் கணக்காக இதைப் பார்ப்போம். 30 குடும்பங்கள் ஆளுக்கு 100 வெள்ளி சேமிக்கின்றன. ஒரு குடும்பத்திற்கு 3,000 வெள்ளி மருத்துவச் செலவு வருகிறது. தனித்தனியே வைத்திருந்தால் அந்தக் குடும்பத்திடம் உள்ளது 100 வெள்ளி மட்டுமே. ஒன்றாக வைத்திருந்தால் 3,000 வெள்ளியும் உண்டு. நோய் எல்லாரையும் சமமாகத் தாக்குவதில்லை. ஆகவே கூட்டாகச் சுமப்பது அறிவுடைமை. ஆனால் கூட்டுப் பணத்தைத் தன் பணம்போல் எவரும் சிக்கனமாகச் செலவிடுவதில்லை. ஒரு முறையில் பெருநோய் வந்தவர் நொடிந்து போகிறார்; மற்றொன்றில் பொதுப்பணம் கரைகிறது. இரு நாடுகளும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவற்றிற்கிடையேதான் நடந்து வந்துள்ளன.

பணமாக வாங்காத விலையை மருத்துவமனை வேறு வகையில் வாங்கிக்கொள்கிறது. நீரிழிவு நோயாளியான என் தாயாரை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாள்களில், பொழுது விடியுமுன் புறப்பட்டு நண்பகலுக்குப் பின் திரும்புவோம். கட்டணம் ஐந்து வெள்ளி. மருந்துகளின் உண்மை விலை அதைப் போல் பன்மடங்கு. மருத்துவர்களும் தாதியரும் தம்மால் இயன்றதைக் குறைவின்றிச் செய்கின்றனர். மாதச் சம்பளம் பெறும் எனக்கு அது ஒரு நாள் விடுப்பு மட்டுமே. என் அருகில் அமர்ந்திருக்கும் நாள்கூலித் தொழிலாளிக்கோ அது ஒரு நாள் ஊதியம்.

வசதியுள்ளோர் இக்காத்திருப்பைத் தவிர்க்கத் தனியார் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். 1980களின் தனியார்மயக் கொள்கைக்குப் பின் அவை பெருகின. அனுபவமிக்க மருத்துவர்கள் பலரும் அங்கே சென்றனர். அதனால் அரசாங்க மருத்துவமனையின் வரிசை மேலும் நீள்கிறது.

எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள்

வியப்பு என்னவெனில், இரு நாடுகளும் மெல்ல ஒன்றையொன்று நெருங்கி வந்துள்ளன. மலேசியா 1994இல் ஊழியர் சேமநிதியில் மருத்துவத்திற்கெனத் தனிக் கணக்கைத் தொடங்கியது. நடுத்தரக் குடும்பங்கள் தனியார் காப்புறுதியை நாடின. அதன் சந்தா கடுமையாக ஏறியதால், 2024 டிசம்பரில் பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைப் பல ஆண்டுகளுக்குப் பரப்ப ஏற்பாடு செய்ய நேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு, சுகாதார வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றம் ஏற்றிருந்தது. சுகாதாரத்திற்கான அரசாங்கச் செலவை உயர்த்த வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

தனிச் சேமிப்பை வலியுறுத்திய சிங்கப்பூரோ 2015 நவம்பரில் ‘மெடிஷீல்டு லைஃப்’ திட்டத்தைக் கொணர்ந்தது. பழைய திட்டத்தில் இடம்பெறாத முதியோரும், முன்பே நோயுற்றிருந்தோரும் உட்பட, குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் இது வாழ்நாள் முழுதும் கட்டாயக் காப்புறுதி. முப்பது பேரின் பணம் ஒரே பெட்டிக்கு வந்துவிட்டது.

‘இலவச மருத்துவம்’ என்ற சொல்லைப் பிள்ளைகளிடம் எச்சரிக்கையோடு பயன்படுத்துவோம். தோட்ட முதலாளியோ, வரி செலுத்துபவரோ, நம் சேமநிதியோ, யாரோ ஒருவர் அச்செலவை ஏற்றே வந்துள்ளனர். ஒரு வெள்ளிக் கட்டணத்தை உயர்த்துவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டியது, “எவ்வளவு கூடும்?” என்பது மட்டுமன்று, “கொடுக்க இயலாதவரை யார் சுமப்பார்?” என்பதுமாகும். தோட்டத்தின் எல்லையில் தாதி நின்றுவிட்ட வரலாற்றை உடைய நாம் இவ்வினாவை மற்றவர்க்காகவும் சேர்த்தே கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பர். நோயுற்றவர் தம் செல்வத்தையும் இழந்துவிடாமல் காப்பது ஒரு நாட்டின் கடமை. சிந்திப்போம், பிள்ளைகளையும் சிந்திக்கச் செய்வோம்.