விக்டோரியா காலச் சோதிடப் பஞ்சாங்கங்கள்

விக்டோரியா அரசி ஆண்ட காலத்தில் (1837–1901) இங்கிலாந்தில் ஆண்டுதோறும் வெளியாகி, நாட்காட்டியோடு வானிலை, போர், நோய், அரசியல் பற்றிய ஆருடங்களையும் சேர்த்துத் தந்த மலிவு நூல்கள் இவை. ரயிலும் தந்தியும் பரவிய நாளில் இவை செழித்ததைப் பழைய மூடநம்பிக்கையின் எச்சம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பிரான்சிஸ் மூர் தொடங்கிய ‘வாக்ஸ் ஸ்டெல்லாரம்’ 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வந்துகொண்டிருந்ததால் அந்த எண்ணத்துக்கு ஓரளவு இடமுண்டு. ஆனால் சோதிடப் பஞ்சாங்கத்துக்கு அக்காலத்தில் அமைந்த வடிவம் பழமை தந்ததன்று. வரியும் சட்டமும் அச்சுத்தொழிலும் சேர்ந்து வார்த்தது.

முதலில் வரி. பஞ்சாங்கப் பிரதி ஒவ்வொன்றுக்கும் 15 பென்ஸ் முத்திரை வரி இருந்தது. 1834இல் அது நீங்கியது. பயனுள்ள அறிவைப் பரப்பும் சங்கத்தார் ஆருடமே இல்லாத ‘பிரிட்டிஷ் ஆல்மனாக்’கை 1828 முதல் வெளியிட்டு வந்தனர், நல்ல நூல் மலிவாகக் கிடைத்தால் சோதிடம் தானே மடியும் என்பது சீர்திருத்தக்காரர் கணக்கு. நடந்தது நேர்மாறு. வரி போன சில ஆண்டுகளில், 1839இல், மூர் பஞ்சாங்கம் ஐந்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. மக்கள் வாங்கியது சந்தை நாளுக்கும் நிலவின் பிறைக்கும்தானே, ஆருடத்துக்கா என்று கேட்கலாம். அவை மட்டும் போதுமென்றால் சங்கத்தாரின் நூலே போதுமே!

அடுத்தது சட்டம். 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், குறி சொல்லிப் பிறரை ஏய்ப்பவரை மூன்று மாதம் வரை கடுங்காவலில் வைக்க வழிசெய்தது. ஒருவர் கையைப் பார்த்துக் காசு வாங்கியவர் அதில் எளிதில் சிக்கினார். நாடு முழுவதற்கும் பொதுவாகப் பலன் எழுதி அச்சிட்டவர் பெரும்பாலும் தப்பினார். ஆகவே சோதிடருக்குப் பஞ்சாங்கம் பாதுகாப்பான கடைவாசலாயிற்று. புனைபெயர் இன்னொரு திரை. ராபர்ட் கிராஸ் ஸ்மித் ‘ராபேல்’ ஆனார். 1832இல் அவர் இறந்த பின்னும் அந்தப் பெயர் வேறு கைகளுக்கு மாறித் தொடர்ந்து விற்றது. கடற்படையில் லெப்டினண்டாக இருந்த ரிச்சர்ட் ஜேம்ஸ் மாரிசன் ‘சட்கியேல்’ ஆனார்.

சட்கியேலின் 1861ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம், சனியின் நிலை ஆகஸ்ட் 26ஐ ஒட்டிப் பிறந்தவர்களுக்கு ஆகாது என்று எச்சரித்து, அவர்களில் அரசியின் கணவர் ஆல்பர்ட்டையும் குறிப்பிட்டது. டிசம்பர் 14இல் அவர் காலமானார். பத்திரிகைகள் சீறின. மாரிசன்தான் சட்கியேல் என்று கடற்படைத் தளபதி எட்வர்ட் பெல்ச்சர் செய்தித்தாளில் கடிதம் எழுதி, அவரை ஏமாற்றுக்காரராகச் சித்திரித்தார். மாரிசன் அவதூறு வழக்கு தொடர்ந்து 1863இல் வென்றார். கிடைத்த இழப்பீடு 20 ஷில்லிங்! குறி காண அவர் வைத்திருந்த பளிங்குக் கோளத்தைப் பார்த்த மேட்டுக்குடியினர் சாட்சிக்கு வந்ததால், இது படிக்காதவர் பழக்கம் என்ற வாதமும் அங்கே அடிபட்டது.

பலித்ததால் விற்றது என்று சொல்வாரும் உண்டு. அவர்களுக்குப் பேட்ரிக் மர்ஃபியின் கதையே மறுமொழி. சோதிடரல்லாத இவர் 1838ஆம் ஆண்டின் வானிலையை நாள்வாரியாகக் கணித்தார். ஜனவரி 20 கடுங்குளிர் நாளாக இருக்கும் என்றது அப்படியே நடக்க, நூலுக்குப் பதிப்பு மேல் பதிப்பு வந்தது. ஆனால் மற்ற நாள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த வாசகர் கண்டது பிழைகளையே. மர்ஃபியின் புகழ் விரைவில் மங்கியது. எதையும் இறுக்கிச் சொல்லாத சட்கியேலுக்கு அந்த இடரில்லை. 1874இல் மாரிசன் இறந்தும் ஏ. ஜே. பியர்ஸ் அந்தப் பஞ்சாங்கத்தை நடத்தினார். தனி மனிதருக்குத் தபாலில் ஒரு ஷில்லிங் சாதகம் விற்றுப் பெயர்பெற்ற ஆலன் லியோவுக்கோ, 1917இல் அதே நாடோடிகள் சட்டத்தின்கீழ் 5 பவுண்டு அபராதம் கட்ட நேர்ந்தது.