தைத்துக் கட்டிய படகு

அடிமரத்தைக் கிடத்தி, அதன்மேல் குறுக்குச் சட்டங்களை நாட்டி, அவற்றின் வளைவுக்கு இணங்கப் பலகைகளை ஒவ்வொன்றாக இழைத்துப் பொருத்தும் கைத்திறன் பல வருஷங்கள் பட்டறையிலே பழகினாலன்றிச் சித்திக்காததாகையால், சொந்தமாக ஒரு படகு வேண்டுமென்ற ஆசை இங்கிலாந்தின் சாமானியக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் ஆசையாகவே நின்றுவிட்டது.

இரண்டாம் உலகப் போர் அந்த நிலையை மாற்றியது. மஸ்கிட்டோ போர்விமானத்தைப் பெரும்பாலும் ஒட்டுப்பலகை முதலிய மரத்தாலேயே செய்து பறக்கவிட்ட அனுபவத்தில், ஈரத்துக்கு அஞ்சாத பசைகள் மீது நம்பிக்கை பிறந்திருந்தது. போருக்குப் பின்பு கயாக் முதலிய சிறு படகுகளைச் செய்வதில் ஈடுபட்ட கென் லிட்டில்டைக் என்பவர், சட்டங்களை நாட்டிப் பலகையை வளைப்பதற்குப் பதிலாக, ஒட்டுப்பலகைகளையே திட்டமிட்ட வடிவில் வெட்டி, அவற்றின் ஓரங்களில் சிறு துளைகளிட்டு, செப்புக் கம்பியால் தைத்து இறுக்கினால் வளைவு தானே வந்தமையும் என்னும் உண்மையைக் காரியத்தில் காட்டினார். தையற்காரர் துணியை வெட்டும்போதே சட்டையின் உருவம் நிச்சயமாகிவிடுவது போல, இங்கே படகின் உருவம் பலகையின் விளிம்பிலேயே அடங்கியிருக்கிறது. தையலின் உட்புறத்தில் பிசினில் தோய்த்த கண்ணாடி இழை நாடாவை ஒட்டி, அது இறுகியபின் வெளியே துருத்தும் கம்பியை நறுக்கித் தேய்த்து, வெளிப்புறத்திலும் நாடா ஒட்டிவிட்டால் மூட்டு உறுதிப்படுகிறது.

பலகையைத் தைப்பது நம் கடற்கரைக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் எழுமுன் அலை கடந்து மனிதரையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகு தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டதே. ஆனால் அதில் எப்போதும் பலகைகளைப் பிணைத்து நின்றது கயிறே. லிட்டில்டைக்கின் கம்பியோ பிசின் இறுகும்வரை தாங்கினால் போதும். இந்த வேறுபாட்டிலேதான் அவருடைய முறையின் மேதைமை விளங்குகிறது என்பது என் அபிப்பிராயம். நிரந்தரமான பலத்தைப் பிசினுக்கு விட்டுவிட்டபடியால், கைப்பழக்கமில்லாதவன் போட்ட தையலும் குற்றமாகாது.

வீட்டுத் தச்சுவேலையைத் தொலைக்காட்சியில் கற்பித்துப் பிரசித்தி பெற்ற பாரி பக்னெலும், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் இதே முறையைக் கைக்கொண்டு அமைத்த சிறு பாய்மரப் படகை, 1963இல் 'டெய்லி மிர்ரர்' பத்திரிகை தன் பெயராலேயே அறிமுகம் செய்தது. செந்நிறப் பாயோடு கூடிய அந்த மிர்ரர் படகின் பாகங்கள் அடங்கிய தொகுப்பு 63 பவுன் 11 ஷில்லிங்குக்குக் கிடைத்தது. அந்த வகைப் படகுகள் இதுவரை 70,000க்கு மேல் கட்டப்பட்டிருக்கின்றன. இன்று விற்கும் கயாக் தொகுப்புகளில் பலகைகளைக் கணினியால் இயங்கும் கருவி வெட்டித் தருகிறது, பிசினும் பெரும்பாலும் எபாக்சியாக மாறிவிட்டது. தைப்பதும் ஒட்டுவதும் மட்டும் லிட்டில்டைக் வகுத்த முறையிலேயே நடந்து வருகின்றன.