பாறுகளின் வீழ்ச்சியும் வனவிலங்குச் சட்டத்தின் எல்லையும்

இந்தியாவில் வனவிலங்குகளைக் காக்க எழுந்த சட்டங்கள் நெடுங்காலம் வேட்டையை மட்டுமே பகையாகக் கருதின. யானைகளுக்கெனச் சென்னை மாகாணம் 1873இல் இயற்றிய சட்டமும், 1887, 1912 ஆகிய ஆண்டுகளின் பறவை, விலங்குச் சட்டங்களும் எவற்றை எப்பொழுது கொல்லலாகாது என்பதையே வரையறுத்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றினும் விரிந்தது. நஞ்சிட்டுக் கொல்லுதலையும் 'வேட்டை' என்னும் சொல்லுக்குள் அடக்கியது. எனினும், கொல்லும் எண்ணம் எவர்க்கும் இன்றியே நிகழும் அழிவு அச்சட்டத்தின் பார்வைக்கு எட்டவில்லை. பாறுகளின் வீழ்ச்சி அத்தகையது.

எருவை, பாறு எனச் சங்க இலக்கியம் தனித்தனியே பெயரிட்ட பறவைகளை இன்றைய வழக்கு 'பிணந்தின்னிக் கழுகு' என்னும் இழிபெயருக்குள் அடக்கிவிட்டது. 1990களில் இராசத்தானத்துப் பரத்பூரில் இவை குறைந்து வருவதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சார்ந்த விபு பிரகாஷ் பதிவு செய்தார். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஏறத்தாழ 99.9 விழுக்காடு அழிந்தன. 2004இல் பாகிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வே காரணத்தை வெளிப்படுத்தியது. மாடுகளின் வலி நீக்கத் தரப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மலிவான மருந்து, இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, அதனை உண்ட பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது.

இழப்பு பறவைகளோடு நிற்கவில்லை. செத்த மாடுகளை ஊர்ப்புறத்தே விட்டுவிடும் பகுதிகளில் பாறுகளே துப்புரவு செய்தன. அவை அகன்றபின் உடலங்கள் அழுகிக் கிடந்தன, நீர்நிலைகள் மாசுற்றன, நாய்கள் பெருகின, வெறிநோய் அச்சமும் உடன் பெருகியது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 இலட்சம் மிகை மனித இறப்புகள் இதனால் நேர்ந்தன என ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் ஆகியோரின் 2024ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிடுகிறது. (மும்பைப் பார்சிகளின் ஈமச் சடங்கே இவ்வீழ்ச்சியால் நிலைகுலைந்தது என்பதும் ஈண்டு எண்ணத்தக்கது.)

தீர்வு வனத்துறையின் சட்டத்திலிருந்து வரவில்லை; மருந்துச் சட்டத்தின் வழியே வந்தது. கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக் உற்பத்தியை நிறுத்த 2006இல் ஆணையிடப்பட்டது. 2008இல் அரசிதழ் அறிவிக்கை வெளியாயிற்று. ஆயினும் மனிதர்க்கென விற்கப்பட்ட பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவங்களை அடைந்தன. அவற்றை 3 மில்லி அளவினதாகக் குறுக்கிய 2015ஆம் ஆண்டின் ஆணையை மருந்து நிறுவனங்கள் எதிர்த்தபோது, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிலைநிறுத்தியது. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சிய பாறுகளுக்கு இத்தீர்ப்பு சிறிய உதவியன்று.

2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் ஆறு அட்டவணைகளை நான்காக்கியது; தீங்குயிர்களுக்கான அட்டவணையை நீக்கியது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால், கால்நடை மருந்தொன்று சந்தைக்கு வருமுன் பாறுகளுக்குத் தீங்கற்றதென மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்னும் கடமை அத்திருத்தத்தில் இடம்பெறவில்லை. இது பெருங்குறையே. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்பது 2010ஆம் ஆண்டளவிலேயே ஆய்வுலகம் அறிந்த செய்தி. கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்த இந்தியா தடை விதித்தது 2023இல்தான்.