படியேறிய மிதிவண்டி

1879-இல் புதுச்சேரிக் கிளைப்பாதை திறக்கப்பட்டபின் இரயில் சந்திப்பாக வளர்ந்த விழுப்புரத்திலும், அங்கிருந்து சென்னை செல்லும் தடத்திலுள்ள திண்டிவனத்திலும், மிதிவண்டியைத் தோளில் சுமந்து படியேறும் வழக்கத்திற்கு நடைமேம்பாலமும் மாடிவீடும் காரணமாயின. 1949-இல் தோன்றிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் பரப்பிய, ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கறுப்பு வண்டியில், இருக்கையையும் ஹேண்டில்பாரையும் இணைக்கும் ‘பார்’ எனும் கிடைக்குழாயே சுமப்பதற்கு ஆதாரம். சங்கிலி வலப்புறம் இருப்பதால், இடப்புறம் நின்று வலத்தோளைப் பாருக்கடியில் கொடுத்தால் மசகு உடையில் ஒட்டாது, இடக்கையும் கைப்பிடிக் கம்பியைப் பற்ற ஒழிந்திருக்கும். ஏறும்போது முன்சக்கரத்தையும், இறங்கும்போது பின்னே படியில் இடிபடும் பின்சக்கரத்தையும் உயர்த்தியாக வேண்டும். தமிழக அரசு 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியபின் பெருகிய பெண்கள் வண்டியிலோ அந்தப் பார் இல்லை. எனவே சாய்குழாயையும் இருக்கையையும் இரு கைகளாலும் பற்றித் தூக்கும் கடினமான முறையே அவர்களுக்கு வாய்த்தது என்பதை, மேம்பாலப் படியோரம் சக்கரம் உருளச் சரிவுத்தடம் அமைப்போர் முதலில் கருத வேண்டும்.